மூக்கடைத்த கிறிஸ்துமஸ்

எனக்குச் சளி பிடிக்காது, மேடம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மழையில் நனைந்தாலும் ஐஸ் தண்ணீர் குடித்தாலும் ஒரு தும்மல்கூட வராது. அதனால் ஃபேன் ஓடட்டும், நிறுத்த வேண்டாம். கேட்டதை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நடுவிலிருந்து சொன்னால் தப்பாகத் தெரியும்.

என் கணவர் அறிவழகன் பாடகர். 'குளிருது யேசு பாலா' ஆல்பத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டிசம்பர் மாதத்தில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் போனவர்கள் அதைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. அதற்கு முன்னால் அவர் கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்தார். நான் பாப்பாரப்பட்டி ரோட்டில் இருக்கும் புளி கோல்டு ஸ்டோரேஜில் சூப்பர்வைசர். புளி கறுத்துப் போகாமல் இருக்க மூட்டை மூட்டையாகக் குளிரில் அடுக்கி வைப்போம். குளிர் எதையும் கெடுக்காது என்பதை நான் வேலையில் கற்றுக்கொண்டேன்.

ஆல்பத்தைச் சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். அன்றைக்குப் பார்த்து அவருக்குப் பயங்கரமான சளி. வேறு நாள் கிடைக்கவில்லை. இரண்டு மூக்கும் அடைத்துக்கொண்டு பாடினார். 'மரியே மரியே' என்று எழுதியிருந்த வரி, 'பரியே பரியே' என்று வந்தது. நட்சத்திரம் 'தட்சத்திரம்' ஆனது. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டுவிட்டு, "மானம் போச்சு சோபனா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மானம் போகவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊரே 'பரியே' என்று பாடியது. ஆட்டோக்காரர்கள் பாடினார்கள், கேக் கடையில் பாடினார்கள், பள்ளி விழாக்களில் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். பரி என்றால் குதிரை, தொழுவத்தில் குதிரையும் இருந்திருக்கலாம் என்று ஒரு தமிழாசிரியர் விளக்கம் சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை.

அடுத்த வருஷம் எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கினால் ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் ஊர் ஊராகக் கச்சேரி. குள்ளன் என்கிற பையன் வேன் ஓட்டினான். ஸ்பீக்கரையும் அவனே பார்த்துக்கொண்டான். முதல் கச்சேரி கடத்தூரில். இவருக்கு அன்று உடம்பு நன்றாக இருந்தது. மேடையேறி, 'மரியே மரியே' என்று சுத்தமாகப் பாடினார்.

கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. விழாக் கமிட்டித் தலைவர் சவுரியப்பன் மேடைக்குப் பின்னால் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அசல் ஆளக் கூட்டியாரலீங்களா?"

"இவருதாங்க பாடினது."

"அப்பறம் ஏம்மா தப்புத் தப்பாப் பாடறாரு? மரியேங்கறாரு."

இவர் அடுத்த பாட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடிப் பார்த்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது வேனில், "என்னயப் பாத்து நான் இல்லேங்கறாங்க சோபனா" என்றார். ஒரு மனைவி இந்த இடத்தில் என்ன செய்வாள்? அன்றிலிருந்து அவருடைய சளியை நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

முதலில் சாதாரணமாகத்தான் செய்தேன். காலையில் தயிர்சாதம், மேலே ஐஸ்கிரீம். தலைக்குக் குளித்தால் துவட்டாமல் ஃபேனுக்கு அடியில் உட்காரச் சொல்வேன். விடிகாலையில் பைக்கில் வத்தல்மலைக்குக் கூட்டிப்போய், பனி மூடிய வளைவுகளில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நிற்க வைப்பேன். அவரும் ஒத்துழைத்தார், மேடம். இதை எழுதிக்கொள்ளுங்கள். முதல் தும்மல் வந்ததும் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

பிறகு உடம்பு பழகிவிட்டது. எத்தனை நனைத்தாலும் மூக்கு அடைக்கவில்லை. அப்போதுதான் எங்கள் தெரு அங்கன்வாடி ஞாபகம் வந்தது. இவருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு, ஒரு பை மிட்டாயோடு அனுப்பினேன். மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளாகப் பார்த்துத் தூக்கிக் கொஞ்சச் சொன்னேன். இரண்டே நாளில் அருமையான சளி. அங்கன்வாடி ஆயாம்மா என்னைக் கும்பிட்டு, "ஒங்க வூட்டுக்காரருக்குத் தங்கமான மனசுங்க" என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பருவத்தில் எல்லா ஊரிலும் 'பரியே' மணி மணியாக வந்தது.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது என்றால், போன சித்திரையில். ஒரு டாக்டர் இவருடைய நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, சளி கோத்துக்கொண்டிருக்கிறது, இனிமேல் குளிரே ஆகாது என்று சொல்லிவிட்டார். டாக்டர்கள் ஒரு பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். இவர் எனக்குத் தெரியாமல் ஆவி பிடிக்க ஆரம்பித்தார். மூக்கு திறந்தது. ஒருநாள் நான் வேலைவிட்டு வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. மாம்பழக் காலத்தைப் பற்றி அவரே புதிதாக எழுதிய பாட்டு. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"எப்பிடியிருக்குது?" என்று கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"நல்லாருக்குதுங்க" என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரலை யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

டிசம்பர் வந்ததும் பழைய பாட்டை அரைகுறையாகப் பாடினார். பாப்பாரப்பட்டியில் கூட்டம் பாதியில் எழுந்து போனது. அதற்கும் அவர் வருத்தப்படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "கடத்தூரோட நிறுத்திக்கறேன் சோபனா. ஒடம்பு தாங்கல. இனிமே என் குரல்ல பாடிப் பாக்கறேன்" என்றார். நான் சரி என்றேன். கடைசிக் கச்சேரியாவது கௌரவமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மதியம் மூட்டை தூக்குபவர்கள் போன பிறகு அவரைக் கோல்டு ஸ்டோரேஜுக்கு வரச் சொன்னேன். தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே வரச் சொன்னேன். தாத்தா வேஷத்து உடுப்பை உள் அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருப்பதாகச் சொன்னேன். எடுக்க உள்ளே போனார். கதவைச் சாத்தினேன். உள்ளிருந்து திறக்க ஒரு பிடி உண்டு. அது ஆடிக்கொண்டிருந்ததால் காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன். லைட்டை அணைக்கவில்லை. அவருக்கு இருட்டு பிடிக்காது.

கொஞ்ச நேரம் விளையாட்டு என்று நினைத்திருப்பார். பிறகு தட்டினார். கதவு கனமானது, உள்ளிருந்து பேசினால் காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். நான் காதை வைத்துக் கேட்டேன். "சோபனா, கதவத் தெற" என்றார். 'னா' சுத்தமாக வந்தது. இன்னும் அடைக்கவில்லை என்று புரிந்தது. ஃபைல்களை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு மறுபடி வந்து கேட்டேன். இருமல் வந்துகொண்டிருந்தது. இருமலுக்கு நடுவே, "சோபதா" என்றார்.

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? கண் கலங்கிவிட்டது. அப்போதே திறந்திருக்கலாம். ஆனால் வெயிலில் வேனில் போனால் மூக்கு திறந்துகொள்ளுமே என்று யோசித்தேன். நாளைக்குச் சாயங்காலம் வரை தாங்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் பூசைக்குப் போய், அவருடைய குரலுக்காக வேண்டிக்கொண்டு, மதியம் வந்து திறந்தேன்.

புளி மூட்டைகளுக்கு நடுவே, ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. இறந்துவிட்டார் என்று எனக்கு உடனே தெரிந்தது. தெரியாமல் மேடையேற்றினேன் என்று நான் சொல்ல மாட்டேன், மேடம். தெரிந்துதான் ஏற்றினேன். கமிட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தோம்.

உட்கார்ந்த நிலையிலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. சிவப்பு உடுப்பு, வெள்ளைத் தாடி, கூலிங் கிளாஸ். குள்ளன்தான் தூக்க உதவினான்.

"அண்ணன் இப்பிடி ஜில்லுன்னு கெடக்கறாருங்களே அக்கா."

"காய்ச்சல் விட்டுருக்குது. மாத்தரை போட்டிருக்கறாரு. பேச்சுக் குடுக்காத."

அவன் பயந்தவன், மேலே எதுவும் கேட்கவில்லை. அவனை விட்டுவிடுங்கள்.

மேடையில் அலங்கார நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் மைக்கை நிறுத்தினேன். அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை, உட்கார்ந்தபடியே பாடுவார் என்று அறிவித்தேன். ஆல்பத்தை அப்படியே ஓடவிட்டேன். 'பரியே பரியே' என்று எழும்பியதும் கூட்டம் எழுந்து நின்றது. பெண்கள் அழுதார்கள். சவுரியப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குத்தாம்மா இவரு இவராட்டம் பாடறாரு" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு குறைகூட வராத கச்சேரி அது ஒன்றுதான். அவர் பார்த்திருக்க வேண்டும்.

பொன்னாடை போர்த்த தேவிப்பிரியா என்கிற நர்ஸை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் அவருடைய கையைத் தொட்டது. பிறகு மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு அலறியது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இன்னும் இரண்டு பாட்டு இருந்தது. முடியும்வரை பொறுத்திருக்கலாம்.

அவர்மேல் எனக்கு அன்பே இல்லையா என்று காலையில் கேட்டீர்கள். அந்தக் கேள்விதான் மனதைக் குடைகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடத்தூர் போகும் வழியில் வேன் கண்ணாடி ஏறவில்லை, மேடம். பனிக்காற்று நேராக அவர் முகத்தில் அடித்தது. என் கழுத்திலிருந்த மஃப்ளரை எடுத்து அவர் காதை மூடிக் கட்டிவிட்டேன். ஊர் வரும்வரை மார்பைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். எங்கே சளி பிடித்துவிடுமோ என்று எனக்கு ஒரே பதைப்பாக இருந்தது.