மிதந்து வந்த இரும்பு

"கயிற வெட்டுலே! வெட்டு!"

கத்துகிறேன். செல்வின் படகின் முன்நுனியில் குனிந்திருக்கிறான். கையில் மீன் அறுக்கும் கத்தி. நனைந்த நைலான் கயிறு வழுக்குகிறது. எஞ்சினை ரிவர்சில் போடுகிறேன். படகு பின்னால் போகிறது. அதுவும் கூடவே வருகிறது. நாங்கள்தான் அதைக் கட்டியிருக்கிறோம்.

வியாழக்கிழமை. காலை ஆறு நாற்பது. நாங்கள் வேலை பார்க்கும் அரபுத் துறைமுகம் சலாலாவிலிருந்து ஐந்து மணி நேர ஓட்டம்.

கடலில் மரமோ பழைய வலையோ மிதந்தால் அதன் நிழலில் சூரை மீன் கூடும். குமரிக் கடற்கரைக்காரன் எவனும் அதைத் தாண்டிப் போகமாட்டான். கொக்கி எறிந்து படகோடு பிணைத்துவிட்டுத் தூண்டில் இறக்குவான். நானும் அதைத்தான் செய்தேன். கிழிந்த வலை சுற்றி, பாசி ஏறிக் கிடந்தது. "எறிலே" என்றேன். முதல் வீச்சிலேயே மாட்டியது. செல்வின் சிரித்தான். இழுத்து நெருக்கினோம். வலை விலகியது. உள்ளே இரும்பு உருண்டை. கொம்பு கொம்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

கண்ணிவெடி. பக்கத்து நாட்டுச் சண்டையில் யாரோ கடலில் போட்டது. சங்கிலி அறுந்து மிதந்து வந்துவிட்டது.

"அத்தான், குனிங்க!"

செல்வின் கடைசியாகச் சொன்னது அது. ஓர் அலை உருண்டையைத் தூக்கிப் படகில் அடித்தது. சத்தம் காதில் கேட்கவில்லை. நெஞ்சில் இடித்தது. பிறகு 'ஙொய்' என்று ஒரே ஒலி.

தண்ணீரில் கிடக்கிறேன். ஐஸ் பெட்டியின் மூடி கைக்குக் கிடைத்தது. அதன் மறுபக்கம் ரஃபீக். எங்கள் மூன்றாவது ஆள், வங்காளதேசத்துக்காரன். ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தான். அவன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குப் புரியவில்லை. பிறகு கை நழுவியது. செல்வினைத் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். சுற்றிலும் சூரை மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. தேடி வந்த மீன்தான்.

இரண்டு நாளுக்கு முன் ரூமில் சாப்பிடும்போது டீவியில் பெரிய நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கினார்கள். செல்வின் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அத்தான், பெரிய நாட்டுக்காரனுவ இனி சண்டையே போடமாட்டானுவளாம். இனி நமக்கெல்லாம் வயசாயித்தான் சாவு." எல்லாரும் சிரித்தோம். 

என்னைத் தூக்கியது அப்படி ஒரு பெரிய நாட்டின் போர்க்கப்பல். நல்லவர்கள். கம்பளி போர்த்தினார்கள். இனிப்பான காப்பி கொடுத்தார்கள். என் தொடையிலிருந்து எடுத்த இரும்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்கள். அதில் எழுத்து இருந்தது. எந்த நாட்டு எழுத்து என்று கேட்டேன். துண்டை ஓர் உறையில் போட்டு ஒட்டினார்கள்.

துறைமுகத்தில் ஓர் அதிகாரி காகிதத்தை நீட்டினார். 'கடல் விபத்து' என்றிருந்தது. விபத்து இல்லை, போர் என்றேன். "இங்கே வார் மாஃபி. கலாஸ்" என்றார். இங்கே போர் கிடையாது, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் ஊருக்கு விடமாட்டார்கள். அந்தக் கையெழுத்துக்கு மாற்றாகத்தான் இதை எழுதுகிறேன்.

செல்வின். வயது இருபத்து நான்கு. என் மனைவிக்கு ஒரே தம்பி. எட்டு மாதத்துக்கு முன் விசா எடுத்துக் கூட்டிவந்தது நான். உடல் கிடைக்கவில்லை. ஊர்க் கல்லறையில் அவன் சட்டையைப் புதைத்தோம். ரஃபீக். வயது தெரியாது, நான் கேட்டதில்லை. ஒரு படகு. என் வலது காது. போரில் செத்தவர் பட்டியல் எதிலும் இந்த இருவரும் இல்லை.

என் மனைவி எந்த நாட்டு வெடி என்று கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள். "கொக்கிய யாரு எறியச் சொன்னா?"

நான்தான்.