எரியுதுன்னு சொல்ல ஒரு சங்கடம்

சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரம் போகும் பேருந்தில் எனக்கு எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். முகம் நிறையப் பருக்களோடு இருந்த இளையவள் சொன்னாள்:

"இந்தக் கன்னம் கம்பெனிக்காரங்களதுங்க்கா. அந்தக் கன்னம்தான் என்னோடது."

கம்பெனிக் கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

"என்ன கண்ணு பூசறாங்க?" என்றாள் மூத்தவள்.

"எண்ணெய் வழியற மூஞ்சிக்கு ஜெல்லுங்க்கா. மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத உருண்டைக்குள்ள வெச்சிருக்காங்களாம். கொஞ்சம் கொஞ்சமா எறங்கறதால எரியாதாம். அதைத்தான் இந்த ஒரு கன்னத்துல மட்டும் பூசிச் சோதிக்கறாங்க."

"எரியுதா?"

"மொளகாய் அரைச்சு அப்புன மாதிரி எரியுதுங்க்கா."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"நல்லா இருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டேன். அந்தக் கம்பெனி மேடம் அத்தனை தன்மையா கேக்கறாங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுங்க?"

"அட கெரகமே! நீ நல்லா இருக்குதுன்னா அது கடைக்கு வந்துரும். அப்புறம் எத்தனை புள்ளைக மூஞ்சி வேகும்? இப்பவே போனைப் போடு."

அவள் போனை எடுத்தாள். அதற்குள் நான் இறங்கும் இடம் வந்துவிடுமோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

"மேடம், நானுங்க. சாப்ட்டீங்களா?"

மூத்தவள் அவள் கையைக் கிள்ளினாள்.

"எரியுதுங்க மேடம். மொதல்ல இருந்தே எரியுதுங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க, இன்னிக்கே நிறுத்திடறேனுங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மேடம்."