எழும்பறப்பவே அடிக்கணும்

இல்லக்கா, வண்டியிலருந்தெல்லாம் விழல. நான்தான் அடிச்சேன். உள்ள கட்டு போட்டுட்டிருக்காங்களே, அவரு எங்க வீட்டுக்காரர். டேபிள் டென்னிஸ் ஆடிட்டிருந்தோம், கோவத்துல பேட்டை வீசிட்டேன். இடது புருவத்துல பட்டு நாலு தையல். குனிஞ்சா என்னவாம்? மரம் மாதிரி நிக்கறாரு மனுஷன்.

இதுவா? இது அவரோட பேட்டு. தொட்டுப் பாருங்க, குட்டிக் குட்டியா முள்ளு முள்ளா இருக்குல்ல? ஷார்ட் பிப்ஸ்னு சொல்வாங்க. எதிராளி எவ்வளவு சுழல் போட்டு அனுப்பினாலும் இந்த ரப்பருக்கு அவ்வளவா உறைக்காது. ஆனா மேஜையை ஒட்டி நிக்கணும். பந்து குத்தி எழும்பறப்பவே பட்டுனு அடிக்கணும். இறங்கற வரைக்கும் விட்டா போச்சு. அதைச் சுழட்டித் தூக்கிவிட இதுல பிடிமானம் கிடையாது, நேரா வலைதான்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான். நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம், ஜோடி. நான் நெட்டுக்குப் பக்கத்துல சின்னதா சர்வீஸ் போடுவேன், எதிராளி தட்டிவிடுவான், அடுத்த பந்து இவருக்கு. ஒரே அடி, பாயின்ட். எங்க கம்பெனியில இந்த ஜோடின்னாலே பயப்படுவாங்க.

இப்ப கொஞ்ச நாளா ரெண்டடி தள்ளிப் போய் நிக்கறாருக்கா. பந்து வந்து, எழும்பி, இறங்கி, அப்புறம்தான் கையையே தூக்கறாரு. பயந்தாங்கொள்ளின்னேன், சோம்பேறின்னேன். கிழவனாயிட்டீங்கன்னு நாலு பேர் முன்னாடி கத்தினேன். சிரிச்சுக்கிட்டே பந்தைப் பொறுக்கப் போயிடறாரு. வர்ற ஞாயித்துக்கிழமை கம்பெனிகளுக்கான போட்டியில ஃபைனல். இத்தனை வருஷத்துல இப்பதான் அதுவரைக்கும் வந்திருக்கோம். எங்க கம்பெனி கிளப் செயலாளர் என்னைத் தனியா கூப்பிட்டு, வேற ஆளோட ஆடறதா இருந்தா சாயங்காலத்துக்குள்ள சொல்லும்மாங்கறாரு. எனக்கு எப்படி இருக்கும்? அந்த எரிச்சல்லயே பிராக்டிஸுக்கு நின்னேன். லட்டு மாதிரி ஒரு பந்து வந்துச்சு, அதையும் வலையில போட்டாரு. வீசிட்டேன்.

நான் அழலக்கா. எனக்குக் கோவம், அவ்வளவுதான்.

தையல் போடறப்ப டாக்டர் அந்த இடது கண்ணு முன்னாடி விரலை ஆட்டியிருக்காரு. ஒண்ணும் தெரியலையாம். அடிபட்டதால இல்லியாம், முன்னாடியே அந்தக் கண்ணுல பார்வை போயிடுச்சாம். பந்து எவ்வளவு தூரத்துல வருதுன்னே பிடிபடாம, கிட்ட வரட்டும்னு நின்னிருக்காரு. கட்டின பொண்டாட்டி எங்கிட்ட ஏன்யா சொல்லலன்னு சட்டையைப் பிடிச்சு உலுக்கிட்டேன். சொன்னா நீ ஆடறதையே விட்டுடுவியேன்னாரு.

செயலாளர்கிட்டயா? இப்பதான் போன் பண்ணேன், பேரை மாத்த வேண்டாம்னு. என்ன பண்றது, இடது பக்கம் வர்ற பந்துக்கு மட்டும், அது எழும்பறப்ப ஒரு குரல் குடு, போதும்ங்கறாரு இவரு. கோவத்துல அதுக்கும் சரின்னுட்டேன்.