தெருவில் நின்று பேச ஒரு பிளான்

தேரடி வீதியில் ஒரு செல்போன் கடை. சார்ஜர் வாங்கப் போன எனக்கு முன்னால் நடுத்தர வயதுத் தம்பதி நின்றிருந்தார்கள். மகளின் பிரசவத்துக்காக அந்த அம்மா மட்டும் சிங்கப்பூர் கிளம்புகிறார்.

“தெருவுல நின்னு பேசுற மாதிரி ஒரு பிளான் குடும்மா” என்றார் கடைப் பெண்ணிடம்.

நான் சார்ஜரை மறந்தேன்.

“ரோமிங் பேக் போட்டா எங்க வேணா பேசலாம்மா.”

“அதெல்லாம் வேணாம்மா” என்றார் கணவர். “நானும் மூணு கடையில விசாரிச்சுட்டேன். மாப்பிள்ளை வீட்டுல வைஃபை இருக்குது, ஓசியிலயே பேசலாம். இவளுக்கு எல்லாமே ஜாஸ்தியா வேணும்.”

“வைஃபை வீட்டுக்குள்ளதான இருக்குது? நான் ஹலோன்னாலே மாப்பிள்ளை பக்கத்துல வந்து நிப்பாரு.”

“நிக்கட்டுமே. ஒளிச்சுப் பேச என்ன இருக்குது?”

அந்த அம்மாவின் குரல் தெருவரை கேட்டது. “கல்யாணமாகிப் போனதுலேருந்து உங்க பொண்ணு ‘நல்லா இருக்கேன்மா’ன்றதத் தவிர வேற ஒரு வார்த்தை பேசினாளா? பக்கத்துலயே அவரு நின்னா என்னத்தப் பேசுவா? அவ நெஜமாவே நல்லா இருக்காளான்னு நான் பார்த்துட்டு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அவரு வைஃபையிலயா?”

கணவர் கடைப் பெண் பக்கம் திரும்பினார். பிறகு, “எது நல்ல பேக்குன்னு பார்த்துப் போடும்மா” என்றார் மெதுவாக.

“பேக்குக்கு மூணு கடை ஏறி விசாரிக்கத் தெரியுது. பொண்ணு குடுக்கறப்ப ஒரு இடத்துலயாவது விசாரிச்சீங்களா?”