பச்சை போகாத றீல்

இரவு எட்டரை மணி. தலைமன்னாரிலிருந்து பேசாலைக்கு வரும் வீதி. அந்த நேரத்தில் அதில் ஆள் நடமாட்டம் இல்லை... இரண்டு பக்கமும் பனை, மணல். தாரின் சூட்டுக்காக நடு வீதியிலேயே படுத்துக் கிடக்கும் கழுதைகள். தெற்குப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள், எல்லாம் ஒன்றாக எரிந்து எல்லாம் ஒன்றாக அணையும்.

கிட்ட வந்து இருங்கள். சத்தமாகச் சொல்ல முடியாது, பிள்ளை உள்ளே தூங்குகிறான். இது என்னோடு ஐஸ் பெட்டி தூக்கும் பவ்ஸானின் மச்சான் நஸாருக்கு நடந்தது. போன கிழமைதான் முடிந்தது. முடிந்ததோ தெரியாது.

நஸார் பழைய சாமான் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவன். தாராபுரத்தில் தனி அறை, கலியாணம் இல்லை. அந்தக் காலத்தில் கப்பல் வேலைக்குப் போன ஆட்கள் சின்னக் கமராவில் வீட்டுப் படம் பிடித்து வைத்தார்களே, கலியாணம், பெருநாள், கடற்கரை என்று, அந்த றீல்களுக்கு இப்போது கொழும்பில் ஆள் இருக்கிறது. ஆனால் நிறம் போகாமல் இருக்க வேண்டும்.

நிறம் பார்க்க நஸார் பகல் வெளிச்சத்தை விட்டால் வேறு எதையும் நம்ப மாட்டான். மஞ்சள் பல்பு பொய் சொல்லும் என்பான். மங்கின பிலிமும் அதில் நல்லதாகத் தெரியுமாம். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் வைக்கும் கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறான். முதலில் தலைமயிர். அது கறுப்பாக இல்லாமல் செங்கல் நிறத்தில் இருந்தால் போச்சு. பிறகு வெள்ளை வேட்டி, பிறகு இலை. நீலம்தான் முதலில் விட்டுப் போகும். அதோடு பச்சையும் போகும். கடைசியில் சிவப்பு மட்டும் மிஞ்சும். மணந்தும் பார்ப்பான். வினாகிரியின் புளிப்பு மணம் வந்தால் பிலிமே அழுகுகிறது என்று அர்த்தம்.

நிறத்துக்கு முன்னால் அவன் பார்ப்பது முகங்களை. தொண்ணூறில் ஊரை விட்டு விரட்டப்பட்ட எங்கள் முஸ்லிம் ஆட்கள் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போனபோது அவனுக்கு நாலு வயது. முகாமில் அந்த வருடமே உம்மா மவுத்தாகிவிட்டா. ஒரு போட்டோ இல்லை. முகம் அவனுக்கு ஞாபகமும் இல்லை. அதனால் தாராபுரம் என்று ஒரு றீல் கிடைத்தால், அதில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணையும் உம்மாவின் தங்கச்சியான சாச்சிக்குக் காட்டாமல் விற்க மாட்டான். சாச்சி ஒவ்வொரு முறையும் இது உம்மா இல்லை என்றுதான் சொன்னா.

அன்றைக்குத் தலைமன்னாரில் செபஸ்தியாம்பிள்ளை என்ற பழைய கப்பல்காரரிடம் போயிருந்தான். கறண்ட் இல்லை. பகலில் வருகிறேன் என்று எழும்பினான். கிழவர் விடவில்லை.

“தம்பி, விடிய நான் மகளிட்ட போறன், இனி வரமாட்டன். வேணுமெண்டா இப்பவே கொண்டு போங்கோ.”

றீல் டப்பாவில் ஒட்டியிருந்த தாளில் ‘தாராபுரம் கலியாணம் 85’ என்று இருந்தது. அதைக் கண்டபிறகு நஸார் பிலிமைப் பிரித்தும் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வீடு வரைக்கும் பொறுக்கவில்லை. பாதி வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டில் கைக்குட்டையைக் கட்டி, அதன் முன்னால் மணலில் குந்தி, கண்ணில் கண்ணாடியை வைத்துப் பிலிமைப் பிடித்தான். பழைய சைக்கிள்... மஞ்சள் பல்பு.

பந்தல் சிவப்பு. வானம் சிவப்பு. மாப்பிள்ளையின் வேட்டி றோஸ். நகத்தளவு கட்டங்கள், எல்லாம் போன பிலிம். அதற்குள் ஒரு கிணற்றடி. கிணற்றடியில் முக்காடு போட்ட ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. சேலை பச்சை. நேற்று வாங்கின பச்சை.

அது இருக்க முடியாது. நீலத்தோடு பச்சையும் போயிருக்க வேண்டும். மணந்து பார்த்தான். வினாகிரி இல்லை... நனைந்த தலைமயிர் மணத்தது.

விடியப் பகல் வெளிச்சத்தில் பிடித்தான். கிணற்றடி இருந்தது, முழுக்கச் சிவப்பாக. அதில் யாரும் இல்லை. சாச்சிக்குக் காட்ட ஒன்றுமில்லை.

இரவு அதே இடத்துக்குப் போனான். ஹெட்லைட்டில் அவள் நின்றாள். கொஞ்சம் திரும்பியிருந்தாள். மூன்றாம் இரவு காது தெரிந்தது, காதில் சின்ன அல்லுக்குத்துத் தோடு. நாலாம் இரவு கன்னம். நஸார் பகலில் தூங்குவதுமில்லை, வியாபாரத்துக்குப் போவதுமில்லை. விஷயத்தைக் கேட்டுப் பவ்ஸான் பகிடி பண்ணினான்.

“உயிரோட இருக்கிற ஒரு பொம்பிளையை நீ இப்பிடி உத்துப் பாத்திருந்தா இப்ப பிள்ளை குட்டி இருக்கும், மச்சான்.”

நஸார் சிரிக்கவில்லை. முகத்தை ஒருக்காப் பார்த்தால் போதும், பிறகு றீலைக் கடலில் போட்டுவிடுகிறேன் என்றான். அதனால் ஐந்தாம் இரவு பவ்ஸானும் கூடப் போனான்.

காற்று இல்லை. எஞ்சின் மட்டும் டக்... டக்... டக். நஸார் கட்டம் கட்டமாகப் பிலிமை இழுத்தான். அவன் கண்ணாடியைப் பிலிமுக்கு மேலே பிடிக்க, பவ்ஸானும் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தான். அவள் நேராகத் திரும்பி நின்றாளாம். இளம் முகம். படம் பிடித்தவனைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவனைப் பார்த்தாள்.

“உம்மா” என்றான் நஸார், மெதுவாக.

அடுத்த கட்டத்தில் அவள் தலை இடப்பக்கம். அதற்கடுத்ததில் வலப்பக்கம். இடம்... வலம். அதற்கடுத்த கட்டத்தில் கிணறு மட்டும் இருந்தது.

ஹெட்லைட் தணிந்தது. மணலில் ஈரக் கால் வைத்து நடக்கிற சத்தம் அவர்களைத் தாண்டிப் போனது. பஸ் ஹோர்ன் அடித்தாலும் எழும்பாத கழுதைகள், ஒவ்வொன்றாக எழும்பி, யாருக்கோ வழி விட்டன. சத்தம் தாராபுரம் பக்கம் போய்த் தேய்ந்தது.

நஸார் மணலிலேயே இருந்தான்.

“என்னைப் பாத்தவ, மச்சான். அவ தேடுறவன் நான் இல்லையாம்.”

இன்றுவரை யாரோடும் பேசவில்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான்.

மறுநாள் காலை தாராபுரத்தில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே கதையைச் சொன்னார்கள். எல்லாம் நாலு வயது மட்டில், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள். இரவு ஒரு மாமி வந்தாளாம். நாடியைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாளாம். கை ஈரமாம். கனவு என்று தாய்மார் சிரித்தார்கள். பவ்ஸான் எனக்கு இதெல்லாம் சொன்னது அன்று பின்னேரம், ஐஸ் பெட்டி ஏற்றும்போது. நான் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏனென்றால் அன்று காலை தேத்தண்ணி குடிக்கும்போது என் நாலு வயது மகன் நுஃமானும் ஒன்று சொல்லியிருந்தான். வேலைக்குப் போகிற அவசரத்தில் நான் சரியாகக் கேட்கவில்லை. வந்து அவனை மடியில் வைத்து, திரும்பச் சொல் மகன் என்றேன்.

“ராவைக்கு ஒரு மாமி வந்தவ, வாப்பா. அழுதுகொண்டு என்னைக் கட்டிப் பிடிச்சவ. நஸார் எண்டு கூப்பிட்டவ.”

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“நான் ஓம் எண்டனான்.”