உடன் இருந்தவர்

விளக்கை யாரும் போட வேண்டாம், தயவுசெய்து... வெளிச்சத்தில் எனக்குச் சொல்ல வராது. கோவையாகச் சொல்லத் தெரிந்தவள் அல்ல நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது என் தோழி சுமலதாவின் அக்காள் கார்குழலிக்கு நேர்ந்தது.

இரவு மூன்று மணி. முதலியார்பேட்டையைத் தாண்டி முகத்துவாரத்துக்குப் போகும் சாலை. தெருவிளக்குகள் பாதியிலேயே நின்றுவிடும். அப்புறம் அலையாத்திக் காடு... சாக்கடையும் உப்பும் கலந்த நாற்றம். அந்தச் சேற்றில் ஈயம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, அப்படியும் இரவில் எந்தெந்த உயிர்கள் அங்கே வருகின்றன என்பதுதான் கார்குழலியின் ஆய்வு. மூன்று ஆண்டு உழைப்பு.

உதவிக்குக் குருசுக்குப்பத்து மீனவர் பக்கிரி. கார்குழலி பார்த்துச் சொல்வார். பக்கிரி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். எண்ணிக்கை பிசகாமல் இருக்க அதுவே முறை.

“வக்கா, நாலு.”

“வக்கா நாலு... எழுதிட்டேம்மா.”

வக்கா என்பது இரவில் இரை தேடும் ஒரு கொக்கு வகை.

படிவத்தின் கடைசி வரியில் மனிதர்களையும் எண்ண வேண்டும். ஆள் நடமாட்டம் இருந்தால் விலங்குகள் ஒதுங்கிவிடும் அல்லவா?

“நாங்கல்லாம் மீனப் புடிச்சிட்டு எண்ணுவோம். நீங்க எண்ணிட்டு உட்டுட்டுப் போறீங்க,” என்று பக்கிரி கேலி செய்வாராம். தனியாகக் குடியிருக்கும் கார்குழலிக்கு நாளெல்லாம் கிடைத்த பேச்சுத் துணை அந்த ஒரு குரல்தான்.

சென்ற கார்த்திகையில் பக்கிரி காய்ச்சலில் இறந்துபோனார்.

படிவத்தில் ‘உடன் இருந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அது வெறுமையாக இருந்தால் அந்த இரவு கணக்கில் சேராது. ஆய்வோ முடியும் தறுவாயில் இருந்தது. வேறு ஆளும் அமையவில்லை. கார்குழலி தனியாகப் போனார். எண்ணிக்கையைக் கைப்பேசியில் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்தார். அந்தக் கட்டத்தில்... பக்கிரி என்று எழுதினார். மூன்று ஆண்டாக எழுதிப் பழகிய கைதானே.

அடுத்த இரவும் தனியாகத்தான் போனார். விடிந்ததும் பதிவைக் கேட்டார்.

“வக்கா, மூணு.”

தண்ணீர் சொட்டும் சத்தம். சேற்றில் கால் புதைந்து எழும் சத்தம்... பொளக். அதன் பிறகு, மிக அருகில்:

“வக்கா மூணு... எழுதிட்டேம்மா.”

நானாக இருந்தால் கைப்பேசியை வீசியிருப்பேன். அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாராம்.

“ஒரு மாசமா எங்கிட்ட ஒருத்தரும் பேசல சுமலதா. யாரா இருந்தா என்னான்னு ஆயிடுச்சி,” என்றாராம்.

ஒவ்வொரு இரவும் அந்தக் கட்டத்தை நிரப்பினார். மாசியில் ஆய்வு முடிந்தது. அறிக்கையையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர் அங்கே போவதை நிறுத்தவில்லை.

கடைசிப் பதிவைச் சுமலதா எனக்குப் போட்டுக் காட்டினாள். அதில் முதலில் பேசுவது பக்கிரி.

“நரி, ஒண்ணு.”

வெகுநேரம் கழித்து... மெதுவாக... கார்குழலியின் குரல்.

“நரி ஒண்ணு... எழுதிட்டேன்.”

இதை உங்களிடம் சொல்ல அனுமதி கேட்பதுதான் மரியாதை என்று இன்று மாலை அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அப்போது நீங்கள் யாரும் வந்திருக்கவில்லை. எத்தனை பேர் வருவீர்கள் என்று எனக்கே தெரியாது.

“தாராளமா சொல்லும்மா,” என்றார். பிறகு, பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்பவர்போலச் சற்று நிறுத்தினார். பின்னால் அந்தச் சத்தம்... பொளக்.

“ஆளுங்க ஏழு... எழுதிட்டேன்,” என்றார்.

என்னையும் சேர்த்து இங்கே வந்திருப்பவர்கள் ஆறு பேர்தான். விளக்கைப் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டது அதற்காகத்தான்... மன்னித்துக்கொள்ளுங்கள்.