பியானோவுக்கு இடம்

புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்த மெக்கானிக்கிடம் பாரக் கணக்கு எழுதிய ஒரு தாளை நீட்டினார்.

“மகளின்ர பியானோவை விட்டிட்டுத்தான் வவுனியாவில குடியேறவேணும் போல, தம்பி. டிரெயிலரோட கூட்டினா இருநூறு கிலோ கூடுது. என்ர பிக்கப் ஃபோர் வீல்தானே, இழுக்காதோ?”

“ஃபோர் வீல் சேத்தில புதையாமல் காப்பாத்தும், ஐயா. பாரத்துக்குக் கொம்பனி சொன்ன அளவுதான். வாகனம், டிரெயிலர், உள்ளுக்கு இருக்கிற ஆக்கள் எல்லாம் அதுக்குள்ள அடங்கவேணும்.” தாளைப் படித்தார். “அஞ்சு பேரெண்டு போட்டிருக்கிறியள். ஆரார் வாறியள்?”

பெரியவர் காலிமுகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மனுசி, மூண்டு பிள்ளையள்... பழக்கத்தில எழுதிப்போட்டன். நான் மட்டும்தான்.”

மெக்கானிக் நாலு பேரை வெட்டிவிட்டு மறுபடி கூட்டினார்.

“இப்ப பியானோவும் போகும், ஐயா.”